வாசலில் ஒரு தலைகீழ்க் குடை

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற மனிதர். தன் வீட்டில் நடப்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்ல வந்திருந்தார்.

“என் மனைவியோட அண்ணன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்கு வர்றார் மேடம். அவர் நிஜமாவே அண்ணன்தானான்னு எனக்குத் தெரியணும்.”

சைக்கிள் கடையின் மாடியில் அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தை நடத்திவந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். அவசரப்பட்டு வாயைத் திறக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்து வைப்பதற்கென்றே ஓர் உதவியாளன் வாய்த்திருந்தான். யாரும் திருகாமலே பாடுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

“உங்க மனைவிக்கே தெரியாதா சார்?” என்றான் ரேடியோ. “என் தங்கச்சி என்னைத் தெருக்கோடியில பார்த்தாலே பர்ஸை ஒளிச்சு வெச்சுடுவா.”

“அண்ணன் வீட்டை விட்டுப் போனப்ப இவளுக்கு எட்டு வயசு. அப்பாவோட சண்டை. கடல் தாண்டிப் போறேன்னு கிளம்பினவர், ஏதோ தெற்குத் தீவு நாட்டுல வேலைன்னு எப்பவாவது போன் பண்ணுவாராம். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப திடீர்னு, லீவுல வந்திருக்கேன்னு வந்து நிக்கறார். லாட்ஜ்ல தங்கியிருக்காராம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்துடறார். இவளும் பசங்களும் தலைமேல வெச்சு ஆடறாங்க. மாடி ரூமை அவருக்கே ஒழிச்சுக் குடுக்கணும்ங்கறா. அது அவங்க அப்பா வீடு, நான் வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஆனா வர்றவன் வேற யாரோவா இருந்தா? பொம்பளப் புள்ள இருக்கற வீடு மேடம்.”

அவர் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. மனைவி சிரிப்பதைக் கெடுக்கப் போகிறோமே என்கிற கூச்சம்.

“எதனால சந்தேகம் வந்தது?” என்றார் மேடம்.

“பொய் சொல்றார். எங்க வீட்டைப் பத்தி என்கிட்டயே பொய்! சமையலறைப் பின்சுவர்ல ஒரு கதவு இருந்துச்சாம். கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வீட்டுலதான் இருக்கேன். அங்க கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல. இவகிட்ட கேட்டா, ‘இருந்திருக்கும்’னு சிரிக்கிறா. அண்ணன் எது சொன்னாலும் அவளுக்கு இருந்திருக்கும்தான்.”

“அந்த நாட்டைப் பத்தி என்ன சொல்வார்?”

“அதெல்லாம் அருமையா சொல்வார்,” என்று ஒப்புக்கொண்டார் கடைக்காரர். “அவர் வேலை பார்த்தது மேற்குக் கரையில பெரிய துறைமுகம். தினமும் காலையில ஜன்னலைத் திறந்தா கடலுக்குள்ளேர்ந்து சூரியன் வருமாம். டிசம்பர்ல கழுத்தளவு பனியாம்.”

ரேடியோ அலமாரியிலிருந்து பழைய அட்லஸை உருவி, பூமத்திய ரேகைக்குக் கீழே விரலை இறக்கிக்கொண்டே போனான். “மேடம், அங்க டிசம்பர்னா நல்ல வெயில் காலம். கழுத்தளவு வேர்வைன்னா ஒத்துக்கலாம். அப்புறம் மேற்குக் கடல்லேர்ந்து சூரியன் வந்துச்சுன்னா, அன்னைக்கு எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுட்டு வேடிக்கை பார்த்திருப்பாங்க.”

“இன்னும் வேற ஏதாவது?”

கடைக்காரர் சற்றுத் தயங்கினார். “குடை.”

“குடையா?”

“அந்த நாட்டுப் பழக்கமாம். கூடப்பிறந்தவ வீட்டுக்குப் போனா குடையை விரிச்சு, தலைகீழா வாசலுக்கு வெளியே வைக்கணுமாம். மழையோ வெயிலோ, கண்டிப்பா வைக்கணும். பசங்களுக்கு ஒரே குஷி. நானும் சரி, மரியாதைக்குச் செய்வோமேன்னு என் குடையையும் பக்கத்துல வெச்சேன்.” பெருமூச்சு விட்டார். “எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

“உங்களோடதை மட்டுமா?”

“என்னோடதை மட்டும்தான். அது புதுசு.”

மேடம் சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டார். மகனின் பிறந்தநாளில் எடுத்த ஒரு படத்தைக் கடைக்காரர் மேசைமேல் வைத்தார். குழந்தைகளுக்கு நடுவில் நரைத்த மீசையோடு ஒருவர், கேமராவைப் பார்க்கக் கூசியவர்போல் நின்றிருந்தார்.

கடைக்காரர் போனதும் ரேடியோ நெற்றியைத் தேய்த்தான். “மேடம், இந்த மேற்குச் சூரியனை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்.”

“எங்கே?”

“பாக்கெட் நாவல்ல. ஒரே ஆள்தான். எல்லாக் கதையும் அதே தீவு, அதே துறைமுகம். கதாநாயகன் காலையில ஜன்னலைத் திறப்பான், கடல்லேர்ந்து சூரியன் வரும். அடுத்த வரியில பிணம் மிதக்கும். பிணத்துமேலதான் என் கவனம் இருந்துச்சு. சூரியனைச் சந்தேகப்படணும்னு தோணலை.”

“வண்டியை எடு.”

*

நாவலாசிரியரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அவர் மனைவி, “இருங்க, எந்த நாட்டுல இருக்கார்னு பார்த்துட்டு வர்றேன்,” என்று உள்ளே போனார்.

லுங்கியும் பனியனுமாக வந்த நாவலாசிரியருக்கு, ரேடியோ அவர் நாவல்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மேடம் சூரியனைப் பற்றிக் கேட்டதும் அது பாதியாக வாடியது.

“துறைமுகம்னா சூரிய உதயம் வேணும் மேடம். வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க. அது எந்தப் பக்கத்துக் கடல்னு எவன் போய்ப் பார்க்கப் போறான்?”

“டிசம்பர் பனி?”

“வெளிநாடுன்னாலே பனிதானே?”

“நீங்க அந்த நாட்டுக்குப் போயிருக்கீங்களா?”

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. “இவரா? பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலைன்னா வாந்தி எடுப்பார். அதுவும் டவுன் பஸ்ல.”

நாவலாசிரியர் எழுந்துபோய் டைப்ரைட்டருக்குப் பக்கத்திலிருந்த பூகோள உருண்டையை எடுத்துவந்து மேடத்தின் முன் வைத்தார். “இதைப் பார்த்துத்தான் எழுதறேன். எல்லாத் தகவலும் சரியாத்தான் இருக்கும்.”

மேடம் உருண்டையைச் சுற்றினார். தெற்கே இறங்கியதும் அது டொக்கென்று ஆடியது. அந்தத் தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய நசுங்கல் இருந்தது.

“சின்னப் பையன் உதைச்சுட்டான்,” என்றார் நாவலாசிரியர், மெதுவாக. “அதான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தேன். யாருக்கும் தெரியாத நாடா இருந்தா நல்லதுன்னு.”

“நாட்டையே பள்ளத்துல தள்ளிட்டீங்களே சார்,” என்றான் ரேடியோ.

“குடையைத் தலைகீழா வாசல்ல வைக்கற பழக்கம்?” என்று மேடம் கேட்டார். “அது எதுல படிச்சீங்க?”

“படிக்கறதாவது! நானே உண்டாக்கினது. கொலைகாரன் சாவியை யாருக்கும் தெரியாம எங்கேயாவது போட்டாகணும். கையில பை கிடையாது. வாசல்ல விரிச்ச குடை தலைகீழா இருந்தா சுலபமாப் போட்டுடலாமே? ஆனா குடை ஏன் அப்படி இருக்கணும்? சரி, அந்த நாட்டுப் பழக்கம்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான்.” சட்டென்று நிறுத்தினார். பார்வை மேடத்திடமிருந்து ரேடியோவுக்குப் போய்த் திரும்பியது. “இருங்க. அந்தக் குடை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாவல்ல வருதே?”

“அந்த நாவல் இன்னும் வெளியே வரலையே! பிரஸ்ல இருக்கு. நானும் என் மனைவியும் தவிர அதைப் படிச்ச ஆள் கிடையாது.”

“நானும் படிக்கலை,” என்றார் மனைவி.

மேடம் எழுந்துவிட்டார். “எந்தப் பிரஸ்?”

*

ஊரின் மறுகோடியில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பிரஸ். உள்ளே மெஷின் போட்ட இரைச்சலில் ரேடியோவின் குரலே எடுபடவில்லை. அவன் முதன்முறையாக ஒரு போட்டி வானொலி நிலையத்தைச் சந்தித்தவன்போல் நின்றான். தாள் வெட்டும் மெஷினைத் தாண்டி, பசை வாடை அடிக்கும் பைண்டிங் பகுதிக்கு மானேஜர் அவர்களை அழைத்துப் போனார். அச்சான தாள்கள் மடிபட்டுக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மேலே இருந்த தாளில் ஒரு குடைப் படம்.

மேடம் பிறந்தநாள் படத்தைக் காட்டினார்.

“அட, நம்ம கப்பல்காரர்!” என்றார் மானேஜர். “கடல் நாவல் வந்துச்சுன்னா பைண்டிங்குக்கு முன்னாடி முழுசாப் படிச்சுட்டுத்தான் ஊசியைத் தொடுவார். அதனால அந்தப் பேரு. நான் இங்க சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே இருக்கார். ரொம்ப நல்ல மனுஷன். பின்னாடி ரூம்லயே தங்கியிருக்கார்.”

“நடுவுல வெளிநாடு எங்கேயாவது போயிருந்தாரா?”

“அவரா? இந்தத் தெருவைத் தாண்டினதையே நான் பார்த்ததில்லை. இப்பத்தான் ஒரு மாசமா அரை நாள் லீவு கேட்க ஆரம்பிச்சிருக்கார். இன்னைக்குக்கூட போயிருக்காரே, தங்கச்சி வீட்டுக்கு.”

வெளியே வந்ததும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. “முடிஞ்சுது மேடம்! ஆள் பைண்டர். கடல் தாண்டினதெல்லாம் காகிதக் கப்பல்ல. யாரோ ஒருத்தன் காணாமப் போனதை எங்கேயோ கேள்விப்பட்டு, நாவலைப் படிச்சு, அண்ணன் வேஷம் போட்டுட்டான். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டுச் சொல்லிடவா?”

“சொல்லு. வீட்டுக்கு வரச் சொல்லு.” மேடத்தின் முகத்தில் வெற்றி தெரியவில்லை. “ஆனா ஒண்ணு யோசி. ஊரை ஏமாத்தறவன், தான் வேலை பார்க்கற இடத்துல போய் ‘தங்கச்சி வீட்டுக்குப் போறேன்’னு ஏன் சொல்லணும்? மானேஜரையும் ஏமாத்தி அவனுக்கு என்ன ஆகணும்?”

ரேடியோ போனை எடுத்தான். பைண்டர் கதையைக் கடைக்காரருக்கு ஒலிபரப்பினான், வழக்கத்தைவிடச் சுருக்கமாக.

*

கடைக்காரர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். காது சிவந்திருந்தது. வாசல்படியருகே ஒரு பழைய கறுப்புக் குடை, வானத்தைப் பார்த்து விரிந்து கிடந்தது.

“உள்ளேதான் இருக்கான். இப்பவே கழுத்தைப் பிடிச்சு...”

“முதல்ல கை கழுவிக்கறேன்,” என்றார் மேடம். “பிரஸ் மை. பின்பக்கம் குழாய் இருக்கா?”

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். குழாயடியில் கை கழுவிய மேடம், ஈரக் கையோடு அப்படியே நின்றார். சமையலறையின் வெளிச்சுவர். அதில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கடைக்காரர் சொன்னது உண்மைதான். சுவரை ஒட்டி இரண்டு கல்படிகள் இருந்தன. படிகள்மேல் பூந்தொட்டிகள்.

“இந்தப் படி எதுக்கு?”

“தொட்டி வைக்க,” என்றார் கடைக்காரர்.

“தொட்டி வைக்கக் கட்டினாங்களா, கட்டியிருந்ததால தொட்டி வெச்சீங்களா?”

கடைக்காரர் படியைப் பார்த்தார். படி நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

ரேடியோ ஒரு தொட்டியை நகர்த்திவிட்டுக் கையால் தடவினான். மேல் படியின் நடுப்பகுதி, பல கால்கள் ஏறி இறங்கித் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. “எந்தக் கொத்தனாரும் சுவருக்குப் படி கட்ட மாட்டான் சார். அப்படியே கட்டினாலும், சுவருக்குள்ள நடந்து போய்ப் போய் யார் அதைத் தேய்ச்சாங்க?”

“அப்ப... கதவு...”

“இருந்திருக்கு,” என்றார் மேடம். “அதை அடைச்ச பிறகுதான் நீங்க இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க. அவர் உலகத்தைப் பத்திச் சொன்னதெல்லாம் தப்பு. இந்த வீட்டைப் பத்திச் சொன்னது மட்டும் உங்களுக்கே தெரியாத அளவுக்குச் சரி. அந்த நாட்டுக்குப் போனது பொய்தான். அண்ணன்ங்கறது பொய் இல்லை.”

கடைக்காரருக்கு அது காதில் விழுந்ததா, அதற்குள் பொங்கி வந்த கோபம் தடுத்ததா தெரியாது. விறுவிறுவென்று உள்ளே போனார். கூடத்தில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, டம்ளரில் ஆறிப்போன டீயை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பிரஸ்லேர்ந்து அடுத்த கப்பல் எப்ப கிளம்புது?” என்றார் கடைக்காரர்.

நரைத்த மீசைக்காரர் எழுந்து நின்றார். வந்திருந்த இரண்டு புது முகங்களையும் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை மறைக்க விரல்களை மடக்கிக்கொண்டார். அவ்வளவு போதுமாக இருந்தது.

“துறைமுகம் வரைக்கும் போனேன்,” என்றார் அவர். தங்கையை அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். “ஏஜென்ட்னு ஒருத்தன், பேப்பரெல்லாம் வாங்கிட்டுப் போனவன், வரவே இல்லை. கப்பல் என் கண் முன்னாடி போச்சு. அப்பா, போனா ஒரு ஆளாத் திரும்பி வா, இல்லைன்னா வராதேன்னு சொல்லியிருந்தார். இந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பி வந்தேன். அதுக்கு மேல கால் வரலை. பிரஸ்ல ஆள் கேட்டாங்க. அப்பா இறந்தப்பகூட தெருமுனையில நின்னு பார்த்துட்டுப் போயிட்டேன்.”

“அந்த நாட்டுக் கதையெல்லாம்?” என்று கேட்டான் ரேடியோ. வழக்கமான கிண்டல் குரலில் பாதிதான் இருந்தது.

“நாவல்ல படிச்சது. இவ்வளவு விவரமா எழுதறவர் போய்ப் பார்க்காமயா எழுதியிருப்பார்?” ஒரு சின்ன நம்பிக்கையோடு நிமிர்ந்தார். “ஏன், அதெல்லாம் தப்பா?”

“கொஞ்சம்,” என்றார் மேடம். “சூரியன் வரைக்கும்.”

அவர் தலை மறுபடி குனிந்தது. தங்கை எழுந்தாள். டீ டம்ளர்கள் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எனக்குத் தெரியும்ண்ணா,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ எங்கேயும் போகலைன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஒரு நாள் போன்ல பேசிட்டிருக்கோம், இங்க இடி இடிச்சுது. வெளியில இடிச்ச அதே இடி போனுக்குள்ளயும் இடிச்சுது. வெளிநாட்டுக் கால்னா கரகரன்னு இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. உன் குரல் பக்கத்து ரூம்லேர்ந்து கூப்பிடற மாதிரி இருக்கும். அந்தக் கதவு வழியா நீ போன ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கு. மறுவாரமே அப்பா அதை அடைச்சதும் ஞாபகம் இருக்கு.”

“தெரிஞ்சுமா கேட்கலை?”

“கேட்டா போனை வெச்சுடுவே. அப்புறம் பண்ணவே மாட்டே.” அவள் டம்ளர்களை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். “நீ எந்த நாட்டுல இருந்தா எனக்கென்ன? பேசினா போதும்னு இருந்துச்சு.”

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா, உடனே ஆள் வெச்சு விசாரிப்பீங்க.” அவள் பார்வை மேடத்தின்மேலும் ரேடியோவின்மேலும் ஒருமுறை போய் வந்தது. “சொல்லாமலே விசாரிச்சாச்சு.”

ரேடியோ கூரையைப் பார்த்தான். மேடம் தன் கைப்பையின் ஜிப்பை, அது மூடித்தான் இருந்தது என்றாலும், இன்னொரு முறை மூடினார்.

அண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசல் பக்கம் நடந்தார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் காலால் துழாவினார்.

“எங்கே கிளம்பறே?” என்றாள் தங்கை. “மாடியைக் கூட்டித் துடைச்சு வெச்சிருக்கேன்.”

“இனிமே எந்த முகத்தோட...”

“இருக்கற முகத்தோடதான். ஆமா, இங்கேர்ந்து உன் பிரஸ்ஸுக்கு எத்தனை பஸ் மாறணும்?”

அவர் செருப்பையே துழாவிக்கொண்டிருந்தார். அவள் விடவில்லை.

“கேட்கறேன்ல?”

“மாற வேண்டாம்,” என்றார் அவர். “நேர் பஸ்தான்.”

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். அது சிரிப்பாகவே நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“காலையில அந்த பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது மச்சான்,” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “கடை திறக்கப் போறப்ப நானே வண்டியில கொண்டுபோய் விட்டுடறேன்.”

வாசலில் நின்றவர் குனிந்து, மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார்.